மூக்கு நுனி ஆபரேஷன்: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

கே: எனக்கு 24 வயசு, ஊர் மதுரை. மூக்கு நேராத்தான் இருக்கு டாக்டர், நுனி மட்டும் உருண்டையா பெருசா இருக்கு. ஒரு சர்ஜன் குருத்தெலும்பை வெட்டி சின்னதாக்கிடலாம்னு சொல்றார். இன்னொருத்தர் தையல் போட்டு ஒடுக்கி, உள்ள குருத்தெலும்பு வேற வெக்கணும்னு சொல்றார். சின்னதாக்கத்தானே போறோம், எதுக்கு புதுசா வெக்கணும்?

ப: இதைக் கேட்டதுக்கே உங்களைப் பாராட்டணும்மா, நெறைய பேர் இதைக் கேக்காமலே டேபிள்ல படுத்துடறாங்க. நுனிக்கு உருவம் குடுக்கறது பக்கத்துக்கு ஒண்ணா வளைஞ்சு நிக்கிற ரெண்டு குருத்தெலும்பு. ஆண்டர்சன்னு ஒரு அமெரிக்க சர்ஜன் 1969ல இதை முக்காலி மாதிரின்னு சொன்னார், ரெண்டு பக்கமும் ஒவ்வொரு கால், நடுவுல சேர்ந்து ஒரு கால், எந்தக் காலைக் குறைச்சாலும் நுனி அந்தப் பக்கம் சாயும். அந்தக் காலத்துல தாராளமா வெட்டி எடுத்தாங்க, மொதல்ல பாக்க அழகா இருக்கும், ஆனா வருஷம் போகப் போக உள்ள தழும்பு சுருங்கி, நுனி கிள்ளி விட்ட மாதிரி ஆகி, மூச்சை இழுத்தா துவாரத்தோட பக்கச்சுவரே உள்ள ஒட்டிக்கும். இதைச் சரி பண்றது மொதல் ஆபரேஷனை விட ரொம்பக் கஷ்டம்.

அதனாலதான் இப்போ மேல் விளிம்புல ஒரு மெல்லிசான பட்டையை மட்டும் எடுத்துட்டு குறைஞ்சது 6 மில்லிமீட்டர் அகலமாவது விட்டு வெப்பாங்க, மிச்ச வேலையைத் தையல் பாத்துக்கும். ஒரு தையல் ஒவ்வொரு வளைவையும் கூர்மையாக்கும், இன்னொண்ணு ரெண்டு வளைவையும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட இழுக்கும். பிடிக்கலன்னா அங்கேயே பிரிச்சு மறுபடி போடலாம், வெட்டினதை அப்படி ஒட்ட முடியாது. இன்னொரு விஷயம், உருண்டை நுனி இருக்கற பலருக்கும் தோல் தடிமனா இருக்கும், உள்ள இருக்கறதை ரொம்பச் சின்னதாக்கினா தோல் அந்த அளவுக்கு சுருங்காது, நுனி இன்னும் உருண்டையாத்தான் தெரியும். தோலை உள்ளேருந்து முட்டி நிறுத்த வலு வேணும், அதுக்குத்தான் கூடுதல் குருத்தெலும்பு. என் ஓட்டு ரெண்டாவது டாக்டருக்கு. ஆனா எங்கேருந்து எடுப்பீங்கன்னு அவர்கிட்ட கேளுங்க, மூக்கு நடுச்சுவர்ல கிடைக்கறது நேரா, உறுதியா இருக்கும், காதுல எடுக்கறது வளைஞ்சு கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், எது ஏன்னு அவர் சொல்லணும்.

கே: என் தங்கச்சிக்கு இதே ஆபரேஷனை ஓபன் முறைல, அதாவது ரெண்டு துவாரத்துக்கும் நடுவுல தோலை வெட்டித் திறந்து, பண்ணி நாலு மாசம் ஆச்சு, நுனி இன்னும் வீக்கமா இருக்கு, தினம் செல்ஃபி எடுத்துப் பாத்து அழறா. சர்ஜன் ஒரு வருஷம் பொறுங்கன்றார். சமாளிக்கறாரா?

ப: இல்லப்பா, உண்மையைத்தான் சொல்றார். மூக்குலயே கடைசியா வத்தறது நுனி வீக்கம்தான், தடிமனான தோலுக்கு ஒரு வருஷத்தையும் தாண்டும். தேவைப்பட்டா அவரே நுனிக்கு மேல கொஞ்சமா ஸ்டீராய்டு ஊசி போடுவார், நீங்களா வேற இடத்துல போய்ப் போட்டுக்காதீங்க, தோல் மெலிஞ்சு குழி விழும். மறு ஆபரேஷன் பத்தின பேச்சே ஒரு வருஷத்துக்கு அப்புறம்தான். செவந்து வலிச்சா, சீழ் வந்தா, காய்ச்சல் அடிச்சா மட்டும் அன்னைக்கே காட்டணும். அப்புறம் அந்த செல்ஃபியை மொதல்ல நிறுத்தச் சொல்லுங்க. ஒரு அடி தூரத்துல எடுத்த படத்துல மூக்கு, அஞ்சடி தள்ளி எடுத்ததை விட கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாத் தெரியும்னு 2018ல அமெரிக்க டாக்டர்கள் கணக்குப் போட்டே காட்டிட்டாங்க. மாசம் ஒரு தடவை, ஒரே வெளிச்சத்துல, நீங்க தள்ளி நின்னு எடுங்க. புள்ளை பாவம், கூட இருங்க.

கே: பண்ணிக்கிட்டவங்க நெஜமாவே திருப்தியா இருக்காங்களா?

ப: பெரும்பாலானவங்க இருக்காங்க. இதை அளக்க 2000த்துல வந்த ஒரு ஆறு கேள்வி படிவம் இருக்கு, மூக்கு பிடிச்சிருக்கா, மூச்சு நல்லா வருதா, வேண்டியவங்களுக்குப் பிடிச்சிருக்கா, வெளிய போக வர தயக்கம் இருக்கா, மூக்கு இதுக்கு மேல நல்லா இருக்க முடியாதுன்னு நம்பிக்கை இருக்கா, மறுபடி மாத்தணுமா, இவ்ளோதான். இதுல மூச்சும் ஒரு கேள்வின்றதை கவனிங்க, அழகா இருந்தும் மூச்சு அடைச்சா யாரும் சந்தோஷமா இருக்க மாட்டாங்க. என்ன பண்ணினாலும் திருப்தி வராதவங்களும் உண்டு, கண்ணுக்கே தெரியாத குறையை நெனச்சு நாள் பூரா கண்ணாடி முன்னாடி நிக்கறது ஒரு மனநலப் பிரச்சனை, அவங்களுக்கு வேண்டியது மனநல மருத்துவர். அப்படிப்பட்டவங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம்னு சொல்ற சர்ஜன்தான் நல்ல சர்ஜன்.

கே: மூக்குத்தி போடலாமா?

ப: ஆபரேஷனுக்கு முன்னாடி கழட்டிடணும், திரும்ப எப்போன்னு உங்க சர்ஜன் சொல்வார். புதுசா குத்தறதுன்னா வீக்கம் நல்லா வத்தட்டும், அந்தப் பக்கம் குருத்தெலும்பு வெச்சிருக்கான்னு அவர்கிட்ட கேட்டுட்டே குத்துங்க, அங்க சீழ் பிடிச்சா வெச்சதே கரைஞ்சு போயிடும்.