இரும்பு-கந்தகப் புரதங்கள்: ஊட்டியில் ஒரு கேள்வி பதில்

குன்னூர் மாணவி: ஊதா பாக்டீரியாவின் நிறம் இரும்பினாலா, சார்?

இல்லைம்மா. கரோட்டினாய்டும் பாக்டீரியோகுளோரோஃபில்லும் தரும் நிறம் அது. இரும்பு அணுக்களும் கந்தக அணுக்களும் சேர்ந்த கொத்தைத் தாங்கும் இரும்பு-கந்தகப் புரதம் பழுப்பாக இருக்கும்.

ஊட்டி ஆய்வு மாணவர்: அல்லோகுரோமேடியம் வினோசம் என்ற ஊதா பாக்டீரியாவில் பிரித்த பழுப்புப் புரதம் ஒளி உறிஞ்சலில் 388 நானோமீட்டரில் உச்சி காட்டுகிறது. எலக்ட்ரான் கடத்தும் இரும்பு-கந்தகப் புரதமான ஃபெரடாக்சின் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள் தம்பி. அதே பாக்டீரியாவில் ஹைபிப் (HiPIP, உயர் மின்னழுத்த இரும்பு-கந்தகப் புரதம்) என்ற புரதமும் உண்டு. அதன் உச்சியும் அங்கேதான். ஒரு கியூவெட்டில் (ஒளி அளவீட்டுக்கான சிறு குப்பி) துளி டைதயோனைட் விட்டுப் பாருங்கள்; அது எலக்ட்ரான் தந்து ஒடுக்கும் பொருள். ஃபெரடாக்சின் என்றால் பழுப்பு வெளிறும். ஹைபிப் அப்படியே நிற்கும். அப்புறம் ஈ.பி.ஆர். எடுங்கள்; இணையற்ற எலக்ட்ரான்களைக் காந்தப்புலத்தில் கண்டறியும் அளவீடு அது. ஒடுக்கிய ஃபெரடாக்சின் g (சமிக்ஞையின் இடத்தைக் காட்டும் எண்) 1.94 அருகே சமிக்ஞை தரும். ஹைபிப்புக்கு எலக்ட்ரானைப் பறிக்கும் ஃபெரிசயனைடு சேர்த்தால்தான் 2.12, 2.04 தெரியும். எல்லாவற்றுக்கும் முன்னால் காற்றை வெளியேற்றுங்கள். ஆக்சிஜன் பட்டு ஓர் இரும்பு கழன்றால் 2.01-இல் கூர்மையான சமிக்ஞை வரும். அதைப் புதுப் புரதம் என்று நம்பிவிடுவீர்கள்.

கோத்தகிரி ஆசிரியர்: இரண்டிலும் நான்கு இரும்பு, நான்கு கந்தகம். ஆனால் ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானை ஏற்கும் நாட்டம்) ஹைபிப்புக்கு +350 மில்லிவோல்ட், ஃபெரடாக்சினுக்கு −400-க்கும் கீழே. அளவீட்டில்தான் தவறு.

ஆய்வு மாணவர்: சுற்றியுள்ள புரதம் வேறு சார், அளவு சரிதான்.

தம்பி சொல்வது பாதி. 1972-இல் கார்ட்டர் என்ற ஆய்வாளரின் குழு மீதியைச் சொன்னது: கொத்துக்கு மூன்று நிலைகள். மூன்றில் நடுவில் உள்ள நிலை இரண்டு புரதங்களுக்கும் பொது. ஹைபிப் அங்கிருந்து ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. ஃபெரடாக்சின் ஒன்றைப் பெறுகிறது. கொத்தை நீரிலிருந்து மறைத்து வைப்பதும் ஹைபிப்பின் புரதச் சுருள்தான்.

ஆசிரியர்: அப்படியென்றால் ஹைபிப்பையும் மேலும் ஒடுக்க முடிய வேண்டுமே?

அருமையான கேள்வி, ஐயா! 1973-இல் கேமக் என்ற ஆய்வாளர் அதைத்தான் செய்தார். 80 சதவீத டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற கரைப்பானில் புரதச் சுருள் தளர்ந்ததும் டைதயோனைட் ஹைபிப்பை ஒடுக்கியது. ஒடுங்கிய ஃபெரடாக்சின் போன்ற ஈ.பி.ஆர். சமிக்ஞையும் வந்தது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த சோதனை இது.

மாணவி: ஈ.பி.ஆருக்கு மாதிரியைக் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் போதுமா?

இரண்டிரும்புக் கொத்துக்குப் போதும். நான்கிரும்புக்குத் திரவ ஹீலியம், 10-20 கெல்வின் வேண்டும். இன்னொன்று: நைட்ரஜனின் கொதிநிலை 77 கெல்வின் என்பது கடல் மட்டக் கணக்கு. ஊட்டி உயரத்தில் நைட்ரஜன் 75 அருகே கொதிக்கும். வெப்பமானியைப் பார்த்து எழுதுங்கள்.

இன்னொருவர்: என்னுடையது 390-இல் உச்சி. ஃபெரடாக்சின்தானே?

மேலே எழுதியிருக்கிறேன். காற்றையும் மறக்காதீர்கள்.

தேயிலை விவசாயி: இலை வெளுக்கிறது. இரும்புக் குறைவா?

என் துறை இல்லை, ஐயா. மண்ணையும் இலையையும் பரிசோதனைக்குக் கொடுங்கள்.