முதலில் உடைத்தது யாருடைய அறை?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். மாமனார் கட்டிய பழைய வீட்டை, ஆள் வைக்காமல், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு நாங்களே புதுப்பிக்கிறோம். ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. விடுமுறை நாள் வந்தாலே சண்டை. சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட வேண்டும் என்கிறார் அவர். எனக்கு முதலில் டைல்ஸ் ஒட்டி முடிக்க வேண்டும். மாமியார் அறையில்தான் ஆரம்பித்தோம். இரண்டு முறை சிமென்ட் பூசியும் ஓதம் நிற்காமல் உப்பு பூத்து உதிர்ந்ததால் அதை அப்படியே விட்டுவிட்டோம். அவர் ஹாலில் கட்டில் போட்டுப் படுத்துக்கொள்கிறார், எதுவும் சொல்ல மாட்டார். எங்கள் படுக்கையறையை மட்டும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இன்னும் தொடவில்லை. இப்படியே போனால் நாங்கள் பிரிந்துவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. வேலையை நிறுத்திவிடலாமா?

பதில்: வீட்டு வேலையைச் சொந்தமாக எடுத்துச் செய்யும் கணவன் மனைவி சண்டை போடுவார்கள். தூசி, அசதி, பணம், பாதியில் நிற்கும் வேலை எல்லாம் சேர்ந்தால் யாருக்கும் வாய் நீளும். அதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கடிதத்தில் ஒரு வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனீர்களே, ஹாலில் ஒரு கட்டில், அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அவர் அறையை ஏன் முதலில் உடைத்தீர்கள்? அது ரொம்ப மோசமாக இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. கைப்பழக்கம் இல்லாத நேரத்தில் வேலை கெட்டுப்போனாலும் ஏன் என்று கேட்க ஆளில்லாத அறை அது ஒன்றுதான், அதனால் அங்கே பழகிப் பார்த்தீர்கள். அது சரியாக வராததும் கதவைச் சாத்திவிட்டு சமையலறைக்கு வந்துவிட்டீர்கள். உங்கள் அறை மட்டும் ஒரு கீறல் விழாமல் இருக்கிறது. சண்டை முற்றினால் நீங்கள் இரண்டு பேரும் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள இடம் இருக்கிறது, அந்த அம்மாவுக்கு அதுகூட இல்லை, நீங்கள் போடும் சண்டை முழுவதையும் கட்டிலில் படுத்தபடியே கேட்டாக வேண்டும். புருஷன் கட்டிய வீட்டில், இத்தனை வருடம் தான் நடத்திய வீட்டில், ஒன்றரை வருடமாக உடை மாற்றக்கூட ஒரு மறைவு தேடுகிறார். எதுவும் சொல்ல மாட்டார் என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள். மகன் வீட்டில் வயதானவர்கள் வாய் திறக்காமல் இருப்பது எதனால் என்று உங்களுக்குத் தெரியாதா?

அந்தக் கட்டில் கிடக்கும் இடத்தில் என்னவெல்லாம் பறக்கிறது என்று யோசித்தீர்களா? பழைய வீட்டில் அடியில் இருக்கும் பெயின்டில் ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் வரும் தூசி மூச்சிலும் சாப்பாட்டிலும் சேரும். டைல்ஸைத் தண்ணீர் விடாமல் மெஷினில் அறுக்கும்போது கிளம்பும் மாவு போன்ற தூசி நுரையீரலுக்குக் கெடுதல். துடைப்பத்தால் பெருக்கினால் அது மறுபடி எழும்பும், ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். நீங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பீர்கள், சரி. தூங்குகிற அவர்?

அப்புறம் அந்த ஓதம். அது சரிசெய்ய முடியாத விஷயம் இல்லை, நீங்கள் தப்பான வைத்தியம் பார்த்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். பூச்சு உதிர்ந்த இடத்தில் செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெளுப்பாக, லேசாகப் பொடிந்து வந்தால் பெரும்பாலும் சுண்ணாம்புக் காரை. அந்த மாதிரிச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமென்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பை இழுத்துக்கொண்டு வந்து பூச்சைத் தள்ளிவிடும், மூன்றாவது முறை பூசினாலும் இதேதான் நடக்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் சாதாரணமாக ஒரு மீட்டர் உயரத்துக்குமேல் போகாது. அதற்கு மேலேயும் கறை இருந்தால் கூரையையோ குழாயையோ சந்தேகப்படுங்கள். எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள், அது ஓடினால் எங்கோ கசிகிறது. கசிவை அடைத்து, போட்ட சிமென்டைக் கொத்தி எடுத்து, சுவரை உலரவிட்டு, சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனாரை வைத்துப் பூசுங்கள். ஆமாம், ஆள் வைத்து. உலர்வதற்கு ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்று தோராயமாகக் கணக்குச் சொல்வார்கள், அப்படிப் பார்த்தால் 9 அங்குலச் சுவருக்குப் பல மாதம் ஆகும்.

அதுவரைக்கும் அவர் ஹாலிலேயே இருக்க வேண்டுமா என்றால், வேண்டாம். உங்கள் அறையை அவருக்குக் கொடுங்கள், நீங்கள் இரண்டு பேரும் ஹாலில் படுங்கள். படித்ததும் கோபம் வருகிறதா? வரட்டும். வயதில் பெரியவருக்கு நல்ல இடம் கொடுத்துவிட்டு மிச்சத்தில் நாம் இருப்பதுதான் குடும்பம் என்று நம்புகிறவள் நான், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். நீங்கள் ஹாலில் ஒரு மாதம் படுத்தால் அந்த அறை எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று பார்க்கத்தானே போகிறீர்கள்.

சுவர் விஷயத்தில் உங்கள் கணவருக்கு ஒரே வார்த்தை: கூடாது. பழைய வீடுகள் பலவற்றில் தூண் இருக்காது, சுவர்தான் கூரையைத் தாங்கும். ஒரு இன்ஜினியர் வந்து பார்த்துச் சொல்லும்வரை அதன்மேல் சுத்தியல் படக்கூடாது. அதோடு, அந்தச் சுவரை எடுத்தால் சமையல் புகையும் சத்தமும் நேராக அவர் அம்மாவின் கட்டிலுக்கு வரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லையா? நீங்கள் மருமகள், உங்களைத் திட்டிவிட்டேன். அவர் பெற்ற பிள்ளை, அவரை இன்னும் அதிகமாகத் திட்ட வேண்டும், கடிதம் எழுதாததால் தப்பித்தார். இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

வேலையை நிறுத்தலாமா என்று கேட்டீர்கள். சமையலறை வேலையை இன்றைக்கே நிறுத்துங்கள். மாமியார் அறையை முடித்து, அவருக்குப் பிடித்த நிறத்தை அவரையே கேட்டு அடித்து, அவரைக் குடிவைத்த பிறகும் உங்களுக்குள் சண்டை ஓயவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள். அப்போது உங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசலாம்.