பதில்: முழங்கால் வலி உள்ள அப்பாவோடு இங்கிலாந்தில் கால்வாய்ப் படகு சரிப்படுமா?

சரிப்படும், லாக் இல்லாத வழியாகத் தேர்ந்தெடுத்தால். லாக் என்பது படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. அந்தக் கனமான மரக்கதவுகளை நாம்தான் தள்ளித் திறக்க வேண்டும்.

நாமே ஓட்டி, படகிலேயே தங்கும் உங்கள் மூன்று இரவுப் பயணத்துக்கு வேல்ஸ் எல்லையிலுள்ள லங்கோலன் கால்வாயைப் பாருங்கள். சர்க் ஊரில் படகு எடுத்தால் லங்கோலன் ஊர் வரை ஒரு லாக்கும் கிடையாது. வழியில் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்ட் பெயர் சொல்லும் பொன்ட்கசில்டி பாலம், 1805இல் திறந்தது. இரும்புத் தொட்டியில் தண்ணீர், அதில் உங்கள் படகு, சுமார் 38 மீட்டர் கீழே டீ ஆறு. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் கைப்பிடிச் சுவரே இல்லை! அம்மாவுக்குத் தலைசுற்றல் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த நேரம் அவர் உள்ளே உட்காரட்டும்.

ஓட்ட உரிமம் தேவையில்லை. வேக உச்சவரம்பே மணிக்கு 4 மைல்தான். கரையில் நடப்பவர் உங்களை முந்துவார், அதுதானே சுகம். சுக்கான் கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும், சீக்கிரம் பழகிவிடும். லங்கோலனுக்கு முன் ஒருவழிக் குறுகல் வரும். எதிரே படகு வருகிறதா என்று பார்க்க ஒருவரை முன்னால் நடக்க அனுப்புங்கள். லங்கோலனைத் தாண்டி மோட்டார் படகு போகாது, குதிரை இழுக்கும் படகு உண்டு. அப்பாவை அதில் அவசியம் ஏற்றுங்கள்.

அப்புறம், நீங்கள் தங்கும் படகின் அகலம் 7 அடிகூட இராது, உள்ளே இறங்கும் படிகள் செங்குத்து. முன்பதிவுக்கு முன் படியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.