கலவையான வகுப்பில் சமயப் பாடம்: நழுவாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகள் கலந்து இருக்கிறார்கள். பக்தி இயக்கம், சமணம், பௌத்தம் என்று பாடம் வந்தாலே எனக்குப் பதற்றம்தான். "எங்க சாமிதான் நிஜ சாமி" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தால் வகுப்பே இரண்டாகிவிடுகிறது. போன மாதம் ஒரு தந்தை வந்து, "மத்த மதத்தைப் பத்தி எல்லாம் எம் பொண்ணுக்கு எதுக்கு டீச்சர் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தப் பாடங்களை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கடந்துவிடலாமா? கோயில், தர்கா, மாதா கோயில் மூன்றுக்கும் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்கிறார் சக ஆசிரியர். அது சரிவருமா?

பதில்: கடந்துவிடாதீர்கள். நீங்கள் விட்ட இடம் காலியாக இருக்காது. வாட்ஸ்அப்பில் வருவதும் தெருவில் காதில் விழுவதும் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் வகுப்பிலாவது புத்தகம் இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, கேள்வி கேட்டால் பதில் சொல்ல நீங்கள் இருக்கிறீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமய போதனை கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆவது பிரிவு. ஒரு மதத்தை நம்பவும் பின்பற்றவும் பழக்குவதுதான் அங்கே தடுக்கப்பட்டிருக்கிறது. மதங்களைப் பற்றிப் படிப்பது வேறு. 1964-66இல் இயங்கிய கோத்தாரி கல்விக் குழு இந்த இரண்டையும் பிரித்தே பேசியது. 2002இல் அருணா ராய் வழக்கில் உச்ச நீதிமன்றமும், சமயங்களைப் பற்றிய படிப்பு 28ஆவது பிரிவுக்கு முரணாகாது என்றது. எனவே பாடத்தை நடத்த உங்களுக்குத் தயக்கமே வேண்டாம். எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும்.

இதைச் சொல்பவர் யார், செய்தவர் யார் என்பது உங்கள் ஒவ்வொரு வாக்கியத்திலும் இருக்கட்டும். வகுப்பில் மூளும் சண்டையில் பாதி, ஆள் பெயர் விட்டுப்போன வாக்கியத்தில்தான் தொடங்குகிறது. "சீர்காழியில் உமாதேவி சம்பந்தருக்கு ஞானப்பால் கொடுத்தார்" என்று ஆசிரியர் வாயிலிருந்து வந்தால் அது போதனை. "கொடுத்தாராம்" என்று இழுத்தால் ஏளனம். "கொடுத்தார் என்பது சைவர்களின் நம்பிக்கை, பெரியபுராணம் அப்படிச் சொல்கிறது" என்றால் எந்தப் பிள்ளைக்கும் நெருடாது. குர்ஆன் இறைவனால் அருளப்பட்டது என்பதையும், இயேசு உயிர்த்தெழுந்தார் என்பதையும் இதே நடையில் சொல்லுங்கள். நம் சொந்த மதத்தை நடந்த நிகழ்ச்சியாகவும் மற்றதை நம்பிக்கையாகவும் சொல்வது நமக்கே தெரியாமல் நடக்கும். ஒருநாள் உங்கள் பாடத்தைக் கைப்பேசியில் பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

பக்தி இயக்கத்தில் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "எட்டாயிரம் சமணரைக் கழுவேத்தினாங்களாமே, நிஜமா டீச்சர்?" சம்பந்தரிடம் வாதில் தோற்ற சமணர்களைப் பற்றிப் பெரியபுராணம் சொல்லும் கதை அது. மழுப்ப வேண்டாம். கரும்பலகையில் இரண்டு வரி எழுதுங்கள். சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. பெரியபுராணத்தைச் சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டு. நடுவே சுமார் 500 ஆண்டு. சம்பந்தர் காலத்துத் தேவாரப் பாடல்களிலேயே சமணர்மீது கடுமையான கண்டனம் இருக்கிறது. ஆகவே பகை இருந்தது உண்மை. எட்டாயிரம் என்ற எண்ணிக்கையை நடந்த கணக்காக எடுத்துக்கொள்ள அக்காலக் கல்வெட்டுச் சான்று இல்லை. இவ்வளவும் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். கையோடு இன்னொன்றும் சொல்லுங்கள்: சமணம் பழைய கதை மட்டும் இல்லை. வந்தவாசி, திண்டிவனம் பக்கம் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இன்றும் வாழ்கின்றன, மேல்சித்தாமூரில் அவர்களுடைய மடம் இருக்கிறது. "சமணர்கள் இருந்தார்கள்" என்று இறந்த காலத்திலேயே பாடத்தை முடித்தால், உயிரோடு இருக்கும் ஒரு சமூகத்தை நாமே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம்.

உங்கள் ஊரை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல ஊர் கிடைக்காது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன்தான், கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் எடுப்பித்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். லெய்டன் செப்பேடுகள் என்று பெயர்பெற்றவை சொல்லும் செய்தி அது. 1856 முதல் நாகையில் நூற்றுக்கணக்கான புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நாகூர் தர்காவின் உயரமான மினாராவைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். எந்த மதத்தையும் பாராட்டவோ குறைசொல்லவோ தேவையில்லாமல், கொடுத்தது யார், எப்போது, ஏன் என்று பிள்ளைகளைப் பேசவைக்க இவையே போதும். ராஜராஜன் ஏன் கொடுத்தான் என்று கேட்டுப் பாருங்கள். பக்தி, கடல் வணிகம், அரசுறவு என்று அவர்களே பலதும் சொல்வார்கள்.

இதே ஊரில் கசப்பான பக்கமும் உண்டு. விகாரத்தில் எஞ்சி நின்ற கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. அதை எப்படிச் சொல்வது? "யேசு சபைத் துறவிகள் ஆங்கில அரசின் அனுமதியோடு இடித்தார்கள்" என்று சொல்லுங்கள். "கிறிஸ்தவர்கள் இடித்தார்கள்" என்று சொன்னால் மூன்றாவது வரிசையில் இருக்கும் ஆரோக்கியமேரியின் தலையில் அந்தப் பழி விழும். கோயில் கொள்ளை, மசூதி இடிப்பு, தீண்டாமை என்று எதைப் பேசினாலும் மன்னனின் பெயர், படையின் பெயர், ஆண்டு என்று குறிப்பாகச் சொல்லிவிட்டால் இன்றைய பிள்ளை யாரும் அன்றைய குற்றத்தைச் சுமக்க வேண்டியிராது.

அடுத்து, ஆசிரியர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியம். "பாத்திமா, தொழுகைன்னா என்னன்னு நீ சொல்லும்மா." வேண்டாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது தெரியாமல் இருக்கலாம், தப்பாகச் சொல்லிவிட்டு வெட்கப்படலாம். அதைவிட முக்கியம், அவள் வீட்டு வழக்கம் எல்லா முஸ்லிம்களின் வழக்கமும் ஆகாது. நாகூர் தர்காவுக்குப் போகும் முஸ்லிம் குடும்பமும் உண்டு, தர்கா வழிபாடு கூடாது என்னும் குடும்பமும் உண்டு. வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கத்தோலிக்கர் இருக்கிறார், மாதா வணக்கத்தை ஏற்காத பெந்தெகொஸ்தே குடும்பமும் இருக்கிறது. குலசாமிக்குக் கிடா வெட்டுகிற வீட்டுப் பிள்ளை, புத்தகத்தில் வரும் இந்து மதத்தில் தன் சாமியைத் தேடிக் காணாமல் விழிக்கும். தானாகக் கை தூக்கிச் சொல்லும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். "உங்க வீட்டுல இப்படிச் செய்வீங்க, சரி" என்று அதை அந்த வீட்டோடு நிறுத்துங்கள்.

"எல்லா மதமும் ஒண்ணுதாம்ப்பா சொல்லுது" என்று முடித்துவைப்பதையும் விட்டுவிடுங்கள். சமாதானம் செய்வதற்காகச் சொல்கிறோம், ஆனால் அதுவும் ஒரு சமயக் கொள்கைதான். அதை ஏற்காத வீடுகள் உங்கள் வகுப்பில் இருக்கும். மதங்கள் பல இடங்களில் நேர் எதிராகப் பேசுகின்றன. எதிராகப் பேசுகிறவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம் என்பதுதான் பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

"எங்க சாமிதான் நிஜ சாமி" வந்தால் அதட்ட வேண்டாம். "நீ அப்படி நம்புற. உன் பக்கத்துல இருக்கிறவனும் அவன் சாமியை அதே மாதிரி நம்புறான். எது நிஜம்னு தீர்ப்புச் சொல்றது இந்த வகுப்போட வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடருங்கள். இன்னொருவர் சாமியை இழிவாகப் பேசினால் மட்டும் அங்கேயே நிறுத்தி, "இங்கே இது கூடாது" என்று சொல்லுங்கள். காரணத்தை அந்தப் பிள்ளையிடம் அப்புறம் தனியாகப் பேசலாம். புண்பட்ட பிள்ளையை எழுப்பி "உனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்காதீர்கள்.

மூன்று தலங்களுக்கும் கூட்டிப் போகும் யோசனைக்கு என் பதில்: இந்த ஆண்டு வேண்டாம். அழைத்துப் போனால் விபூதி, தீர்த்தம், பாத்தியா, முழந்தாளிடுவது என்று பிள்ளை எதையாவது செய்யவோ மறுக்கவோ வேண்டிவரும், எல்லார் முன்னாலும். கோயில் என்றதும் மாதவிடாய்க் காரணமாக வராமல் நிற்கும் பெண்பிள்ளையின் சங்கடம் வேறு. செப்பேட்டின் படத்தையும் புத்தர் சிலைகளின் படங்களையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். பின்னால் ஒருநாள் போனால், பெற்றோரின் எழுத்து அனுமதியோடு, வழிபாடு நடக்காத நேரத்தில், கட்டடத்தையும் கல்வெட்டையும் பார்ப்பதோடு திரும்பிவிடுங்கள். வராத பிள்ளையிடம் காரணம் கேட்க வேண்டாம்.

அந்தத் தந்தையை மறுபடி அழையுங்கள். அவர் பயம் நியாயமானதுதான், பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்பது. பாடப்புத்தகத்தை அவர் கையில் கொடுத்து, உங்கள் வினாத்தாளையும் காட்டுங்கள். அதில் எந்தக் கேள்வியும் எதை நம்புகிறாய் என்று கேட்கவில்லை என்பதை அவரே பார்க்கட்டும். அவருடைய மதம் பற்றிய பக்கத்தையும் படித்துப் பார்த்து, தவறு ஏதும் இருந்தால் சொல்லச் சொல்லுங்கள். பேசியதை ஒரு பக்கத்தில் எழுதி, தலைமையாசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.