வெக்கை வந்த வருசம்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன். தமிழ்நாட்டில் எங்கள் சங்கத்தின் வரலாற்றை ஒரு மலராகக் கொண்டுவரப் போகிறோம். எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பவை நிர்வாகிகள் பட்டியலும், மாநாடு நடந்த ஊர்களும், தீர்மானங்களும்தான். எழுத உட்கார்ந்தால் ஊதிய விகிதமும் பதவி உயர்வுமாகவே வருகிறது. “இதை யாருப்பா படிப்பாங்க?” என்று மகள் கேட்கிறாள். வெளியாள் படிக்க இதில் ஏதாவது இருக்கிறதா? 1987இல் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய்க்குத் தடுப்பூசி போட்டுத் தொழில் பழகியவன் நான். எழுத்து எனக்குப் பழக்கமில்லை.

(பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதத்தின் கடைசிக்கு முந்தைய வரியை மூன்று முறை படித்தேன். நீங்கள் தேடுகிற வரலாறு அங்கே இருக்கிறது. போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

எங்கள் பாட்டி காலத்தைக் கணக்கிடுவதே “வெக்கை வந்த வருசம்” என்றுதான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும், வாயெல்லாம் புண், பிறகு நிற்காத கழிச்சல். பத்து நாளில் கட்டுத்தறி காலி. உழவு மாடு போனால் அடுத்த வெள்ளாமையும் போயிற்று. அதுவரை குதிரைப் படையையே கவனித்துக்கொண்டிருந்த ஆங்கிலேய அரசாங்கத்தைக் குடியானவன் மாட்டைப் பார்க்க வைத்ததில் இந்த நோய்க்குப் பெரிய பங்கு உண்டு. மாட்டுக் கொள்ளைநோய் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கை 1871இல் வந்தது. சென்னை மாகாணத்தில் 1892இல் கால்நடைத் துறை உருவானது. 1903 அக்டோபர் 1 அன்று வேப்பேரியில் ‘டாபின் ஹால்’ என்ற சிறிய கட்டடத்தில் 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. உங்கள் தொழிலின் வேர் அங்கே.

அந்த முதல் தலைமுறைக்குக் கிடைத்தது பட்டயம்தான். 1930களின் நடுவில் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிறகே பட்டம் வந்தது. கால்நடை மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் என்பது இந்தியாவிலேயே அதுதான் முதல். மாட்டு வைத்தியன் என்று ஊரார் ஒதுக்கியவருக்கு அந்தப் பட்டம் என்னவாக இருந்திருக்கும்! ஊதிய விகிதத்தை எழுதக் கூச்சப்படாதீர்கள். அந்த மரியாதைக்கான போராட்டத்தோடு சேர்த்து எழுதினால் அது வறண்ட கணக்காக இருக்காது.

இன்னொன்று: 1924இலேயே சென்னையிலிருந்து இந்தியன் வெட்னரி ஜர்னல் வரத் தொடங்கிவிட்டது. பழைய இதழ்களைத் தேடிப் புரட்டுங்கள். மாநாட்டுத் தீர்மானங்களைவிட அதில் மனிதர்கள் அதிகம் தென்படுவார்கள்.

வெளியாளுக்குச் சங்கமும் கவுன்சிலும் ஒன்றாகவே தெரியும். இரண்டும் வேறு என்பதை ஒரு பத்தியில் தெளிவாக்கிவிடுங்கள். 1984ஆம் ஆண்டு இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி யார் பதிவுபெற்ற மருத்துவர், யார் சிகிச்சை தரலாம் என்று பார்ப்பது கவுன்சில். சங்கம் நீங்களாகக் கூடியது. அதற்கு மேல் அதில் நிற்க வேண்டாம்.

திரும்ப வெக்கைக்கு வருகிறேன். 1932இல் ராணிப்பேட்டையில் சீரம் (வெக்கைக்கான எதிர்ப்பு மருந்து) தயாரிக்கும் நிலையம் வந்தது. நாடு தழுவிய ஒழிப்புத் திட்டம் 1954இல் தொடங்கியது. அதன் பிறகும் நாற்பது ஆண்டுகள் ஆயின. இந்தியாவில் கடைசியாக நோய் கண்டது 1995இல், பழைய வட ஆற்காட்டுப் பகுதியில். மருந்து செய்த ராணிப்பேட்டையும் அதே வட ஆற்காடுதான்! இதை நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என்னை உலுக்கிய கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. நோய் போய்விட்டது என்று உலகத்துக்கு நிரூபிக்கத் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். நிறுத்திவிட்டு, ஊர் ஊராகப் போய் “வாய்ப்புண்ணோடு கழிச்சல் கண்ட மாடு உண்டா?” என்று விசாரிக்க வேண்டும். ஆயுள் முழுக்க ஊசி போட்ட கை ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறது. 2006இல் இந்தியா வெக்கையற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது, 2011இல் உலகமே. மனிதன் அடியோடு ஒழித்த நோய்கள் இரண்டுதான். பெரியம்மைக்கு அடுத்தது இது.

அந்தக் காத்திருப்பில் நீங்கள் பணியில் இருந்திருக்கிறீர்கள். ஐஸ் பெட்டியில் மருந்து எப்படிப் போயிற்று, மிரண்ட மாட்டை யார் பிடித்தார்கள், சினை கலைந்துவிடும் என்று பயந்து மாட்டை ஒளித்தவர்களிடம் என்ன சொன்னீர்கள்? இவற்றை எழுதுங்கள். உங்களோடு சைக்கிளில் வந்த கால்நடை ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களும் சங்க உறுப்பினர்கள் அல்ல என்று விட்டுவிடாதீர்கள். அவர்களில் உயிரோடிருப்பவர்களை இந்த மாதமே போய்ப் பாருங்கள். ஒரு ரெக்கார்டரும் கொண்டுபோங்கள்.

நிர்வாகிகள் பட்டியல் பின்னிணைப்பில் இருக்கட்டும். முதல் அத்தியாயத்தை 1987இல் நீங்கள் ஊசி போட்ட முதல் ஊரில் தொடங்குங்கள். எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், இங்கேயே வெளியிடுகிறேன்.