5 வயதுக் குழந்தைக்கு மூலிகை மவுத்வாஷ் தரலாமா?

குளோரெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷால் 5 வயது மகளின் பல்லில் பழுப்புக் கறை படிந்துவிட்டது, மூலிகைக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயப்படாதீர்கள், அந்தக் கறை மேலோட்டமானதுதான். பல் மருத்துவர் சுத்தம் செய்தால் போய்விடும். ஆனால் இந்த வயதில் மூலிகை மவுத்வாஷும் வேண்டாம் என்றே சொல்வேன். 6 வயதுக்குள் பல பிள்ளைகள் துப்பத் தெரியாமல் விழுங்கிவிடுவார்கள். மூலிகை என்று போட்டிருந்தாலும் சிலவற்றில் ஆல்கஹாலும் காட்டமான எண்ணெய்களும் இருக்கும். அப்புறம், சொத்தையைத் தடுப்பதில் ஃபுளோரைடு செய்யும் வேலையை மூலிகை செய்யாது. பட்டாணி அளவு ஃபுளோரைடு பேஸ்ட் வைத்து, தினம் 2 வேளை நீங்களே தேய்த்துவிடுங்கள். வெறும் தண்ணீரில் கொப்பளித்துத் துப்பப் பழக்குங்கள், இப்போதைக்கு அது போதும். குளோரெக்சிடினை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், நிறுத்தும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.