டார்ட் பாடத்துக்குப் பயந்து சட்டப் படிப்பை விட வேண்டாம், அண்ணாச்சி

அண்ணாச்சி, மகள் டார்ட் புத்தகத்தைத் திறந்தாலே அழுகிறாள், சட்டக் கல்லூரியிலிருந்து எடுத்து பி.காம். சேர்த்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அவளை மிரட்டுவது பாடம் இல்லை, அதன் சொற்கள்.

டார்ட் என்பதைத் தமிழில் தீங்கியல் என்பார்கள். ஒருவர் செய்த தவறால் இன்னொருவர் பாதிக்கப்பட்டால், அதற்கு இழப்பீடு கேட்க வழி செய்யும் சிவில் சட்டம் அது. ஜெயிலுக்கு அனுப்புவது அதன் வேலை இல்லை. இரண்டு பேருக்கும் நடுவே ஒப்பந்தம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

அடுத்து, ஊர்க் குளத்தங்கரையில் உட்கார்ந்து இரண்டு வழக்குகளை மட்டும் படிக்கச் சொல்லுங்கள். முதலாவது 1868-இல் இங்கிலாந்தில் முடிந்த ரைலண்ட்ஸ் வழக்கு. ஒருவர் தன் நிலத்தில் தேக்கிய தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்தில் புகுந்துவிட்டது. அவர்மேல் கவனக்குறைவு இருந்ததா என்றே பார்க்காமல் ஈடு கொடுக்கச் சொன்னார்கள். இதுதான் கண்டிப்பான பொறுப்பு. இரண்டாவது நம் பழைய மதராஸ் மாகாணத்து வழக்கு. கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் மழையில் உடைந்து ரயில் பாதையைச் சேதப்படுத்தின. மதராஸ் ரயில்வே கம்பெனி அதே விதியைக் காட்டி ஈடு கேட்டது. 1874-இல் பிரிவி கவுன்சில், அதாவது அன்று நம் வழக்குகளுக்குக் கடைசி அப்பீல் கேட்ட லண்டன் மன்றம், மறுத்துவிட்டது. ஏரி இங்கே காலங்காலமாக ஊருக்குத் தண்ணீர் தருவது, அதைப் பராமரிப்பது ஜமீனின் கடமை, கவனக்குறைவு இருந்தால்தான் ஈடு என்றது. 2023 டிசம்பரில் நெல்லைப் பக்கம் வந்த வெள்ளத்தைப் பார்த்த பிள்ளைக்கு இந்த வித்தியாசம் பிடிபடும். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. நம் மண்ணின் நீர்ப்பாசனத்தை லண்டனில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள்.

கவனக்குறைவுக்கு மூன்று கேள்வி போதும். கவனமாக இருக்கும் கடமை இருந்ததா? மீறினாரா? அதனால்தான் சேதம் வந்ததா?

வேலைக்கு உதவுமா என்ற கவலை வேண்டாம். பாளையங்கோட்டை கோர்ட்டில் ஜூனியராகச் சேர்ந்தால் விபத்து இழப்பீட்டு வழக்குக் கட்டுகள் கைக்கு வரும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 166-இன்கீழ் போடும் மனுக்கள் அவை. டிரைவர் செய்த தவறுக்கு பஸ் முதலாளி ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது இந்தப் பாடத்தில்தான் இருக்கிறது. சம்பாதிக்கிறவரை நாலுவழிச் சாலையில் பறிகொடுத்த குடும்பத்துக்கு அந்த மனுதான் அரிசியும் பள்ளிக் கட்டணமும். அதைச் சரியாக எழுதத் தெரிந்த வக்கீல் நம் பக்கம் நிறைய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டி வாருங்கள். அந்த இரண்டு வழக்கையும் அவளே எனக்குச் சொல்லட்டும். நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள்.